எட்டு அங்குல டாப்சோனியனுக்கு எந்த ஐபீஸ்?

என்னிடம் இருப்பது 8 அங்குல டாப்சோனியன், அதாவது எளிய பெட்டித் தாங்கியில் உட்கார்ந்து கையால் நகர்த்துகிற, குழிக் கண்ணாடி வைத்த டெலஸ்கோப். குழிக் கண்ணாடியின் விட்டம் 203 மிமீ, குவியத் தூரம் 1200 மிமீ. இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் வருவது எஃப் எண், ஆக ஏறக்குறைய எஃப்/6. வானம் பார்ப்பதில் கொஞ்சம் மும்முரமாக இறங்கியவர்கள் பலரும் வந்து நிற்கிற டெலஸ்கோப் இதுதான் என்பதால், இதில் ஐபீஸ்களை, அதாவது கண்ணை வைத்துப் பார்க்கிற சின்ன லென்ஸ் குழல்களை, மாற்றிப் பார்த்த ஒப்பீடு மற்றவர்களுக்கும் உதவும் என்று நினைத்து எழுதுகிறேன். அதற்கு முன்னால் ஒரு விவரம்: நான் மூக்குக்கண்ணாடி போடுகிறவன். கிட்டப்பார்வையோடு சிலிண்டர் பவரும் உண்டு. ஐபீஸ் பற்றி எழுதுகிறவர் கண்ணாடி போட்டவரா இல்லையா என்று தெரியாமல் அவர் பேச்சைக் கேட்டுப் பணம் போடக் கூடாது என்பது என் கட்சி.

பார்க்கிற இடம் பெரும்பாலும் திருப்பத்தூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடி. நிலா இல்லாத வார இறுதிகளில் ஜவ்வாது மலைப் பக்கம் ஏறிவிடுவேன். காவலூர் வானாய்வகத்தின் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி 1986-இலிருந்து நிற்கிற மலை அது. வானம் அங்கே ஏன் நன்றாக இருக்கிறது என்று தனியாக விளக்க வேண்டியதில்லை. மூன்றாவது இடம் நான் பிசிக்ஸ் எடுக்கும் பள்ளியின் மைதானம். அங்கேதான் ஐபீஸின் உண்மையான பரீட்சை. இருட்டில் எண்பது பிள்ளைகள் வரிசையில் நின்றால், விளம்பரத்தில் போட்டிருக்கிற பாகைக் கணக்கெல்லாம் ஒரு பக்கம் போய்விடும். எத்தனை பேர் “தெரியுது சார்” என்று சொல்லிவிட்டு நகர்கிறார்கள் என்பதுதான் கணக்கு.

புதிதாக வருகிறவர்களுக்காக அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டெலஸ்கோப்பின் குவியத் தூரத்தை ஐபீஸின் குவியத் தூரத்தால் வகுத்தால் உருப்பெருக்கம். 25 மிமீ போட்டால் 48 மடங்கு, 10 மிமீ போட்டால் 120, 6 மிமீ போட்டால் 200. ஐபீஸுக்குள் தெரிகிற வட்டம் எத்தனை பாகை என்பது அடுத்தது. பிளாசல் என்கிற சாதாரண வகை ஐபீஸில் 50 பாகைச் சுமார், நடுத்தர விலையில் 60, 66, 68, அப்புறம் 82, 100. அதை உருப்பெருக்கத்தால் வகுத்தால் நிஜ வானத்தில் எவ்வளவு தெரியும் என்று வரும். மூன்றாவது, ஐபீஸ் கண்ணாடியிலிருந்து எவ்வளவு தள்ளிக் கண்ணை வைக்கலாம் என்கிற ஐ ரிலீஃப். கடைக்காரர்கள் முதல் இரண்டைப் பெரிய எழுத்தில் போடுவார்கள், மூன்றாவதைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். நான் இப்போது முதலில் பார்ப்பது அந்த மூன்றாவதைத்தான்.

டெலஸ்கோப்போடு வந்தவை 25 மிமீ, 10 மிமீ என இரண்டு பிளாசல்கள். 1860-இல் வியன்னாவில் பிளாசல் என்பவர் போட்ட வடிவம் இன்றைக்கும் ஓடுகிறது என்றால் சும்மா இல்லை. 25 மிமீ இன்னும் என் பெட்டியில்தான் இருக்கிறது, அதை மாற்றும் எண்ணமும் இல்லை. நிஜ வானத்தில் ஒரு பாகைக்குச் சற்று மேல் தெரியும். முழு நிலா இரண்டை ஒட்டி வைக்கலாம். எஃப்/6 குழாயில் ஓரம் வரைக்கும் விண்மீன்கள் அநேகமாகப் புள்ளியாகவே இருக்கும். கண்ணை வசதியாகத் தள்ளி வைத்துப் பார்க்கலாம். டெலஸ்கோப் வாங்கிய கையோடு “கூட வந்த ஐபீஸ் குப்பை, தூக்கிப் போடு” என்று யாராவது சொன்னால், 25 மிமீயைப் பொறுத்தவரை கேட்க வேண்டாம்.

10 மிமீ வேறு கதை. பிளாசலில் ஐ ரிலீஃப் குவியத் தூரத்தில் முக்கால் பங்குக்கும் சற்றுக் குறைவு. 10 மிமீயில் அது 7 மிமீதான். கண்ணாடியைக் கழற்றினால்கூட இமைமுடி லென்ஸைத் துடைக்கும். ஒவ்வொரு இமைப்புக்கும் ஒரு எண்ணெய்க் கோடு. எங்கள் வறண்ட மாசி மாதத்தில் சமாளித்துவிடலாம், மார்கழிப் பனியில் கண்ணின் ஈரமே லென்ஸில் ஆவியாகப் படிந்துவிடும். உள்ளே தெரிகிற வியாழன் நன்றாகத்தான் இருக்கும், அதில் குறை சொல்வதற்கில்லை. ஆனால் ஒரு நிமிடத்துக்கு மேல் கண்ணை அங்கே வைத்திருக்க முடியாது. கோள் பார்ப்பது என்பதே கண்ணை வைத்துக்கொண்டு காத்திருப்பதுதானே. காற்று ஓரிரு விநாடி அடங்கும்போது பட்டைகளுக்குள் இருக்கிற சுருள்கள் சட்டென்று தெரியும், மறுபடி கலங்கும். அந்த ஓரிரு விநாடிக்குக் கண் அங்கே இருக்க வேண்டும்.

பள்ளி மைதானத்தில் இதன் பாடு இன்னும் மோசம். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குக் கண்ணை எங்கே வைக்க வேண்டும் என்று தெரியாது. லென்ஸைத் தேடி நெற்றியால் முட்டும், குழாய் நகரும், வியாழன் ஓடிவிடும். “சார், கறுப்பாத்தான் சார் தெரியுது.” மறுபடி நான் குனிந்து தேட வேண்டும். டாப்சோனியனுக்கு மோட்டார் கிடையாது. பூமி சுழல்வதால் வான நடுக்கோட்டருகே உள்ள ஒரு விண்மீன் நிமிடத்துக்குக் கால் பாகை நகர்கிறது. 10 மிமீ பிளாசலில் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் போக ஒன்றே முக்கால் நிமிடம்கூட ஆகாது. 6 மிமீ பிளாசல் என்றால் சரியாக ஒரு நிமிடம். அதற்குள் ஒரு பிள்ளை வந்து, கண்ணை வைத்து, பார்த்து, நகர்ந்து, அடுத்த பிள்ளை வர வேண்டும்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்த வகை டெலஸ்கோப்பைப் பரப்பிய ஜான் டாப்சன், சான் பிரான்சிஸ்கோவில் ராமகிருஷ்ண மடத்து மரபைச் சேர்ந்த வேதாந்த சங்கத்தில் 1944 முதல் இருபது வருடங்களுக்கு மேல் துறவியாக இருந்தவர். அங்கிருந்து வெளியே வந்த பிறகு நடைபாதையில் டெலஸ்கோப்பை நிறுத்தி, போகிற வருகிறவர்களை எல்லாம் கூப்பிட்டு நிலாவையும் சனியையும் காட்டினார். வரிசையில் நிற்கும் ஆளுக்காகவே உருவான டெலஸ்கோப் இது. அதில் முட்டிக்கொண்டு பார்க்க வேண்டிய ஐபீஸைப் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

சரி, 10 மிமீக்குப் பதிலாக என்ன? மூன்றை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன்.

முதலாவது, ஆர்வலர்கள் ‘கோல்டு லைன்’ என்று கூப்பிடுகிற 66 பாகை வரிசை. கழுத்தில் தங்க நிறத்தில் ஒரு கோடு ஓடும், பெயர் மட்டும் கடைக்குக் கடை மாறும். 6, 9, 15, 20 என்று நான்கு அளவு. இவற்றில் 6-உம் 9-உம் விலைக்கு மீறிய சரக்கு. ஐ ரிலீஃப் தாராளம், கண்ணைத் தள்ளி வைத்தாலும் முழு வட்டமும் தெரியும். ஒரு தொல்லை உண்டு: கண் நடுவிலிருந்து சற்று விலகினால் அவரைக்கொட்டை வடிவத்தில் ஒரு கறுப்பு நிழல் குறுக்கே வந்து போகும். நிலா பார்க்கும்போது அதிகம், விண்மீன் பார்க்கும்போது அவ்வளவாக உறுத்தாது. பழகியவர்கள் கண்ணைத் தானாகவே சரியான இடத்தில் வைத்துக்கொள்வார்கள், பிள்ளைகளுக்கு அது பிடிபட நேரமாகும். 15-உம் 20-உம் எஃப்/6 குழாய்க்கு வேண்டாம். நடுவில் நன்றாக இருந்துவிட்டு, பாதி தூரம் தாண்டியதும் விண்மீன்கள் இழுபட ஆரம்பிக்கும். எஃப்/10 இருக்கிற 70/700 (விட்டம் 70 மிமீ, குவியத் தூரம் 700) போன்ற நீளமான சின்ன டெலஸ்கோப்காரர்களுக்கு அதே 20 மிமீ நன்றாகவே வேலை செய்யும். அங்கே ஒளிக்கதிர்கள் குறுகிய கோணத்தில் வருவதால் ஐபீஸின் குறைகள் வெளியே தெரியாது. ஒரே ஐபீஸை ஒருவர் திட்டுவதற்கும் இன்னொருவர் புகழ்வதற்கும் பாதிக் காரணம் இந்த எஃப் எண்தான்.

இரண்டாவது, ஸ்டார்கைடர் 8 மிமீ. இதுவும் வெவ்வேறு நாடுகளில் வெவ்வேறு பெயரில் விற்கிறது. 60 பாகை, 1200-க்கு 150 மடங்கு. விளிம்பைத் திருகினால் கண்வளையம் மேலே ஏறும். இந்தச் சின்ன ஏற்பாடுதான் எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது. கண்ணாடி போட்டவர் வந்தால் வளையத்தை இறக்கிவிடுவேன், போடாதவர் வந்தால் ஏற்றிவிடுவேன். வளையத்தில் புருவத்தைச் சாய்த்தால் கண் தானாகச் சரியான உயரத்துக்கு வந்துவிடும், நிழலும் அவ்வளவாக விளையாடாது. நடுவில் இருக்கிற கூர்மை ஓரத்துக்குச் சற்று முன்பு வரை அப்படியே நீளும். ரைஜலை வைத்துச் சோதித்தேன். ஓரியனின் காலடியில் இருக்கிற அந்தப் பிரகாசமான விண்மீனுக்கு 9 விநாடிக் கோணம் (ஒரு விநாடி என்பது பாகையில் 3600-இல் ஒரு பங்கு) தள்ளி ஒரு மங்கலான துணை உண்டு. லென்ஸுக்குள் ஒளி சிதறினால் துணை அந்த வெளிச்சத்தில் மூழ்கிவிடும். கூட வந்த 10 மிமீயில் “இருக்கிறதா இல்லையா” என்று சந்தேகப்பட வைத்த துணை, இதில் தனிப் புள்ளியாகத் தெரிந்தது. உருப்பெருக்கம் கூடுதல் என்பதும் ஒரு காரணம்தான், ஆனால் பின்புலம் கறுப்பாக இருந்தது அதைவிட முக்கியம்.

மூன்றாவது, எஸ்விபோனி 3-8 ஜூம். ஜூம் என்றாலே முகம் சுளித்துக்கொண்டிருந்தேன், ஏனென்றால் வழக்கமான 8-24 ஜூம்கள் பலவற்றில் 24 மிமீக்குப் போனால் வட்டம் 40 பாகைக்குச் சுருங்கிவிடும். விரிந்த வானம் வேண்டிய இடத்தில்தான் குறுகிப்போகும், ஆக அது எதற்கு என்ற கேள்வி வரும். இந்தச் சின்ன ஜூம் அப்படி இல்லை. 3-லிருந்து 8 வரைக்கும் 56 பாகை மாறாமல் இருக்கும், ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் டக்கென்று ஒரு பல் விழும். 8-இல் 150 மடங்கு, 7-இல் 171, 6-இல் 200, 5-இல் 240. அதற்கு மேல் 300, 400 எல்லாம் என் குழாய்க்கு வெறும் அலங்காரம்.

கோள் பார்க்க இதைவிடச் சுகமான ஐபீஸ் இந்த விலையில் நான் தொட்டதில்லை. காரணம் காற்று. வெயில் குடித்த கான்கிரீட் மாடி இரவு பத்து மணி வரைக்கும் வெப்பத்தை மேலே விட்டுக்கொண்டே இருக்கும். அதுவரை 150-க்கு மேல் போனால் வியாழன் ஓடைக்கு அடியில் கிடக்கிற கூழாங்கல் மாதிரி நெளியும். நள்ளிரவை நெருங்கும்போது காற்று மெல்ல அடங்கும். தனித்தனி ஐபீஸ் என்றால் ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டி, ஃபோகஸ் திருப்பி, தப்பிப்போன கோளைத் தேட வேண்டும். இதில் ஒரு பல் திருப்பு, தாங்கினால் இன்னொரு பல். தாங்காவிட்டால் பின்னால் வா. 2026 ஜனவரி 10-ஆம் தேதி வியாழன் சூரியனுக்கு நேர் எதிரே வந்தது. மிதுனத்தில், நம் ஊரில் கிட்டத்தட்டத் தலைக்கு மேலே. 200 மடங்கில் அதன் தட்டு, வெறுங்கண்ணுக்கு முழு நிலா தெரிகிற அளவைப்போல் ஐந்து மடங்கு. அந்தப் பருவம் முழுக்க இந்த ஜூம்தான் குழாயில் கிடந்தது. நடுக்கோட்டின் வடபட்டையில் நீலச் சாம்பல் நிறத்தில் கொக்கி கொக்கியாக வளைந்து தொங்குபவற்றை 6 மிமீ பல்லில் நிதானமாக எண்ண முடிந்தது. வியாழனின் நிலாவான அயோவின் நிழல் தட்டின் மேல் ஊசி முனைக் கறுப்பாக நகர்வதையும் பார்த்தேன்.

குறை: ஐ ரிலீஃப் 10 மிமீதான். கண்ணாடியோடு பார்த்தால் வட்டத்தின் ஓரம் போய்விடும். இங்கேதான் கண்ணாடி போட்டவர்களுக்கு ஒரு நல்ல சேதி. ஐபீஸிலிருந்து வெளியே வரும் ஒளிக்கற்றையின் விட்டம், ஐபீஸ் குவியத் தூரத்தை எஃப் எண்ணால் வகுத்தால் கிடைக்கும். 6 மிமீக்கு அது 1 மிமீ. அவ்வளவு மெல்லிய கற்றை கண்ணின் ஒரு சின்னப் பகுதி வழியாகவே போவதால், சிலிண்டர் குறை அநேகமாகத் தெரியாது. கிட்டப்பார்வையை ஃபோகஸ் திருகே சரிசெய்துவிடும். அதனால் அதிக உருப்பெருக்கத்தில் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளலாம். 25 மிமீக்கு வந்தால் கற்றை 4 மிமீக்கு மேல். அப்போது கண்ணாடி இல்லாமல் பார்த்தால் ஒவ்வொரு விண்மீனும் எனக்குச் சின்னக் கோடாகத் தெரிகிறது. ஆக, “கண்ணாடி போட்டவர்கள் எல்லா அளவிலும் நீண்ட ஐ ரிலீஃப் ஐபீஸாகவே வாங்க வேண்டும்” என்கிற பேச்சு பாதிதான் சரி. நீளம் நிச்சயம் வேண்டியது குறைந்த உருப்பெருக்கத்தில். அங்கே பிளாசலிலேயே அது கிடைத்துவிடுகிறது.

பள்ளி மைதானத்துக்கு ஜூமை எடுத்துப் போவதில்லை. திருகுகிற எதைப் பார்த்தாலும் பிள்ளைகள் திருகிவிடுவார்கள், அதில் அவர்கள் மேல் தப்பில்லை. அங்கே 8 மிமீ ஸ்டார்கைடர். சனிக்கிழமை மாலை வந்த ஒரு மாணவியின் ஆயா, எண்பதை நெருங்கியவர், முதல் தடவையிலேயே கண்ணைச் சரியாக வைத்து, “இந்தப் பக்கம் மூணு, அந்தப் பக்கம் ஒண்ணு இருக்குது பா, அதுங்கெல்லாம் என்னா?” என்று வியாழனின் நிலாக்களை எண்ணிக் கேட்டார். எந்த விமர்சகரின் மதிப்பெண்ணையும்விட எனக்கு அது போதும்.

அகன்ற வானத்துக்கு வருவோம். 2 அங்குலக் கழுத்துள்ள 30 மிமீ, 68 பாகை ஐபீஸ் ஒன்று வைத்திருக்கிறேன். இதையும் பல பெயர்களில் விற்கிறார்கள், விலை மலிவு. 40 மடங்கு, நிஜ வானத்தில் 1.7 பாகை. கார்த்திகைக் கூட்டத்தின் முக்கிய விண்மீன்கள் எல்லாம் சுற்றிலும் கொஞ்சம் இருட்டோடு உள்ளே அடங்கும். 25 மிமீயில் அவை ஓரத்தை முட்டிக்கொண்டு நிற்கும். ஆனால் ஓரத்தில் விண்மீன்கள் சின்னச் சின்னக் கடற்பறவைகளாகச் சிறகு விரிக்கும். அதில் ஐபீஸின் பங்கு பாதி, குழிக் கண்ணாடியின் பங்கு மீதி. நடு அறுபது சதவீதம் சுத்தம். மலை மேல் பால்வீதியில் மெதுவாகத் துழாவிக்கொண்டு போக இது போதும், ஓரத்தைப் பார்த்து நொந்துகொள்கிற சுபாவம் உள்ளவர்கள் வாங்க வேண்டாம். ஊருக்குள் இதனால் லாபமில்லை. ஒளிக்கற்றை 5 மிமீ அகலம் என்பதால் தெருவிளக்கு வெளுப்பாக்கிய வானமும் சேர்ந்து பிரகாசமாகிவிடும், எல்லாம் சாம்பல் பூசினாற்போல் இருக்கும்.

விலை உயர்ந்த பக்கத்தையும் ஒரு முறை எட்டிப் பார்த்திருக்கிறேன். பெங்களூரிலிருந்து வந்த நண்பர் ஒருவர் டெலிவியூ எத்தோஸ் 13 மிமீ கொண்டுவந்தார். டெலிவியூவைத் தொடங்கிய ஆல் நேக்லர், அப்பல்லோ வீரர்கள் நிலவில் இறங்கப் பயிற்சி எடுத்த சிமுலேட்டர்களுக்கான ஒளியியலில் வேலை பார்த்தவர். ஜன்னல் முழுக்க வானம் தெரிய வேண்டும் என்று அங்கே போட்ட உழைப்புதான் பிறகு 82 பாகை நேக்லராக வந்தது. அடுத்து 2007-இல் வந்தது 100 பாகை எத்தோஸ். இதன் சங்கதி கணக்கிலேயே இருக்கிறது. என் 25 மிமீ பிளாசல் 48 மடங்கில் காட்டுகிற அதே ஒரு பாகைச் சொச்சம் வானத்தை, எத்தோஸ் 92 மடங்கில் காட்டுகிறது. வானத்தின் அளவு குறையாமல் உருப்பெருக்கம் இரட்டிப்பு. உருப்பெருக்கம் கூடும்போது பின்புலம் கறுக்கும், மங்கல் விண்மீன்கள் கூடுதலாக எழும்பும்.

சித்திரை மாத இரவில் ஜவ்வாது மலையிலிருந்து ஒமேகா சென்டாரி என்கிற உருண்டை விண்மீன் கூட்டம் தெற்கே 30 பாகை உயரத்துக்கு வரும். ஐரோப்பாவில் பெரும்பாலோருக்கு அடிவானத்துக்கு மேலேயே வராத பொருள் அது. என் 25 மிமீயில் அது மாவு தூவினாற்போன்ற பெரிய உருண்டை, ஓரத்தில் மட்டும் பொடிப் பொடியாக விண்மீன்கள். எத்தோஸில் நடுப்பகுதி வரைக்கும் தனித்தனி விண்மீன்களாக உதிர்ந்துவிட்டது. வட்டத்தின் ஓரம் எங்கே என்று பார்க்கக் கண்ணை மட்டும் திருப்பினால் போதாது, தலையையே திருப்ப வேண்டியிருந்தது. ஓரத்திலும் விண்மீன் புள்ளியாகவே இருந்தது. குழிக் கண்ணாடியால் வரும் வால் மட்டும் லேசாக.

அப்புறம் என்ன, வாங்கிவிட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். சுங்க வரியோடு சேர்த்தால் அதன் விலை என் டெலஸ்கோப்பின் விலையைத் தாண்டுகிறது. அதைக்கூட விடுங்கள். அரைக் கிலோவுக்கு மேல் எடை. மாட்டிய உடனே குழாயின் வாய் தலை கவிழ்ந்தது, அடிப்பக்கம் காந்தங்களை ஒட்டிச் சமன் செய்த பிறகுதான் நின்றது. ஐபீஸ் மாற்றும் ஒவ்வொரு தடவையும் காந்தத்தையும் மாற்ற வேண்டும். மலையில் இரண்டு பேர் நிதானமாகப் பார்க்கும்போது சரி. எண்பது பிள்ளைகள் நடுவே, ஈரக் கையோடு, அவ்வளவு விலையுள்ள கண்ணாடிக் கட்டியைக் கழற்றி மாட்டிக்கொண்டு நிற்க என்னால் ஆகாது. பொறாமை இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை.

ஐபீஸுக்கு முன்னால் மாட்டினால் உருப்பெருக்கத்தை இரட்டிப்பாக்குகிற 2 மடங்கு பார்லோ லென்ஸ் ஒன்றும் உண்டு. 25 மிமீயோடு சேர்த்தால் 96 மடங்கு, அதுவும் ஐ ரிலீஃப் குறையாமல். 12 மிமீ வாங்கக் கையில் காசில்லாத காலத்துக்கு நல்ல வழி. ஜூம் வந்த பிறகு அதற்கு வேலை குறைந்துவிட்டது.

அலுமினியப் பெட்டியில் ஐந்து பிளாசல், ஒரு பார்லோ, கலர் கலராக ஆறு பில்டர் என்று வரும் செட்டைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். பெட்டி அழகாக இருக்கும். உள்ளே இருக்கிற 4 மிமீ, 6 மிமீ பிளாசல்களில் கண்ணை எங்கே வைப்பது? அந்தப் பணத்துக்கு ஒரு 8 மிமீ நல்லதாக வாங்கிக்கொள்ளலாம். நிலா பில்டரும் வேண்டாம். கண் கூசினால் மாடி விளக்கைப் போட்டுவிட்டு நிலா பாருங்கள், கூச்சம் போய்விடும்.

இனி நம் ஊருக்கே உரிய சில தொல்லைகள். ஐபீஸ் பற்றி எழுதும் வெளிநாட்டுக்காரர்கள் இவற்றைப் பற்றிப் பேசவே மாட்டார்கள். முதலாவது கண் மை. நிகழ்ச்சி முடிந்து வெளிச்சத்தில் பார்த்தால் லென்ஸின் மேல் கறுப்புப் பிசுக்கு அரை வட்டமாக அப்பியிருக்கும். குழிந்த மேல்கண்ணாடியும் பள்ளமான விளிம்பும் உள்ள ஐபீஸ்களில் மை பள்ளத்தில் ஒளிந்துகொள்ளும். ஸ்டார்கைடரின் மேல்கண்ணாடி அகலமாகத் திறந்து கிடப்பதால் துடைப்பது சுலபம். முதலில் ரப்பர் பல்பால் ஊதித் தூசியை நீக்க வேண்டும். பிறகு லென்ஸ் தாளின் நுனியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் ஒரு சொட்டு. நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, அழுத்தாமல், ஒரு தாளுக்கு ஒரு துடைப்பு. லென்ஸில் நேராகச் சொட்டக் கூடாது, ஓரத்து இடுக்கு வழியாக உள்ளே இறங்கிவிடும். வேட்டி முனை, புடவைத் தலைப்பு, கைக்குட்டை எதுவும் கிட்டே வரக் கூடாது.

இரண்டாவது பூஞ்சை. ஐப்பசி மழையில் மூடிய பெட்டிக்குள் கிடக்கும் ஐபீஸில் சிலந்தி வலை போலப் பூத்துவிட்டால், லென்ஸின் மேல்பூச்சையே அரித்துவிடும், பிறகு துடைத்தாலும் தழும்பு போகாது. வெல்வெட் வைத்த பை, தோல் உறை எல்லாம் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நான் எல்லாவற்றையும் இறுக்கமான மூடி உள்ள எவர்சில்வர் தூக்குக்குள் சிலிகா ஜெல்லோடு போட்டு வைக்கிறேன். நீல மணிகள் வெளிறி இளஞ்சிவப்பானால் பழைய வாணலி ஒன்றில் சிறு தீயில் சூடாக்கினால் மறுபடி நீலமாகும். அந்த நீலம் கோபால்ட் உப்பு, அந்த வாணலி திரும்பச் சமையலறைக்குப் போகக் கூடாது. என் மனைவி அதன் கைப்பிடியில் சிவப்பு நூல் கட்டித் தனியாக மாட்டிவிட்டார். மலையிலிருந்து பனியில் நனைந்து வந்த ஐபீஸை உடனே மூடிபோட்டு அடைக்காமல், மின்விசிறிக்குக் கீழே ஒரு மணி நேரம் காயவிட்ட பிறகு உள்ளே வைப்பது வழக்கம்.

வாங்குகிற கடை பற்றியும் ஒரு வார்த்தை. எனக்கு வந்த ஐபீஸ் ஒன்றில் உள்ளே கறுப்புப் பெயின்ட் துணுக்கு ஒன்று மிதந்தது. நிலாவைப் பார்த்தால் ஊரில் இல்லாத பள்ளம் ஒன்று கூடவே நகரும். போட்டோ எடுத்து அனுப்பினேன், பத்து நாள் கடித விளையாட்டுக்குப் பிறகு மாற்றிக் கொடுத்தார்கள். ஆகவே பார்சல் பிரிப்பதை வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வந்த அன்றே பகல் வெளிச்சத்தில் ஐபீஸை வெள்ளைச் சுவருக்கு நேராகப் பிடித்து ஒருதரம் உள்ளே பாருங்கள். அதேபோல, எந்த ஐபீஸையும் மட்டம் என்று முடிவு செய்யும் முன் டெலஸ்கோப் கண்ணாடிகளின் நேர்ப்பாட்டை, அதாவது கொலிமேஷனை, சரிபார்த்துவிடுங்கள். கொலிமேஷன் விலகிய குழாயில் எத்தோஸும் பிளாசலும் ஒன்றுதான்.

கையில் டாப்சோனியனும் கூட வந்த இரண்டு ஐபீஸும் மட்டும் இருக்கிறவர் என்ன வாங்கலாம் என்று கேட்டால்: 25-ஐ வைத்துக்கொள்ளுங்கள், 10-ஐ ஒதுக்குங்கள். பிறருக்குக் காட்டுவதில் ஆசை உள்ளவர் என்றால் 8 மிமீ ஸ்டார்கைடர். தனியாக உட்கார்ந்து கோள் பார்க்கிறவர் என்றால் 3-8 ஜூம். இரண்டுக்கும் கை வராவிட்டால் கோல்டு லைன் 9 மிமீ. இருண்ட மலைக்குப் போக வழி இருந்தால் மட்டும் 30 மிமீ. என்னிடம் கோல்டு லைன் 15 மிமீ ஒன்று சும்மா கிடக்கிறது. நீளமான சின்ன டெலஸ்கோப் வைத்திருக்கிற மாணவர் யாராவது கேட்டால் கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன்.